பெல்கருக்கு மன்னிப்பு, மீகோவுக்குத் தண்டனை

பெல்கர் பிட்டர்லீஃப் சிறைக் காவலன் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்புகிறான். அந்தக் காவலன் மேல் அவனுக்குப் பகை ஏதும் இல்லை. தன்னைப் பிடித்து வந்த மீகோ மியாசாக்கியைச் சீண்ட வேண்டும், அவள் ஆத்திரத்தில் தன்னை வெட்டிப் புனிதப் பதவியை இழக்க வேண்டும் என்பதே அவன் திட்டம். ஒரு விளையாட்டுக்காக ஓர் உயிர். பிறகு அதே மீகோ, தன் ஆட்சியாளர் ஷோஜோ துரோகி என்று முழு மனதாக நம்பி, ஆயுதமில்லாத அந்த முதியவரை வெட்டிச் சாய்க்கிறாள். ரசிகர்கள் முன்னவனைக் கொண்டாடினார்கள். பின்னவளை அவர்களில் பெரும்பாலோர் வெறுத்தார்கள், அதுவும் அவள் யாரையும் கொல்வதற்கு வெகு முன்பே.

ரிச் பர்லூ என்ற அமெரிக்கர் எழுதி வரையும் ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ என்ற மாயலோக வெப்காமிக்கில் வரும் இரண்டு பாத்திரங்கள் இவர்கள். கோடும் வட்டமுமாக வரையப்பட்ட குச்சி உருவங்கள். இந்த உருவங்களுக்காக வளர்ந்த மனிதர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வருகிறார்கள். அந்த வழக்குகளை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ரசிகர் தரும் தீர்ப்புக்கும் பாத்திரம் செய்த குற்றத்தின் அளவுக்கும் சம்பந்தம் குறைவு. நம்மைச் சிரிக்க வைத்தவன், நமக்குத் துணையாக இருந்தவன் எவனோ அவனுக்கு ஆயுள் முழுக்க ஜாமீன். பர்லூவின் சாமர்த்தியம் இந்தப் பலவீனத்தைக் கண்டுகொண்டதோடு நிற்கவில்லை. அதையே கதைப்பொருளாக்கி, வாசகரைக் கூண்டில் ஏற்றியதில்தான் இருக்கிறது.

கதை 2003 செப்டம்பர் இறுதியில் தொடங்கியது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற வேடமேற்று ஆடும் விளையாட்டின் மூன்றாம் பதிப்பு அந்த ஆண்டுதான் திருத்தப்பட்டு 3.5 என்று வந்திருந்தது. விதிகள் மாறிய கணத்தில் ஒரு நிலவறையில் நிற்கும் ஆறு சாகசக்காரர்களின் உடைமைகளும் திறமைகளும் திடீரென்று மாறிப்போகின்றன என்பதுதான் முதல் நகைச்சுவை. தலைவன் ராய் வாள்வீரன். ஹேலி திருடி. டர்கன் குள்ளர் இனத்துப் பூசாரி. எலான் அசட்டுப் பாணன். வார்சூவியஸ் எல்ஃப் இனத்து மந்திரவாதி. பெல்கர் சிறுமனிதர் இனத்துக் கொலைப்பிரியன். விளையாட்டை அறிந்தவர்கள் சிரிக்க எழுதிய துணுக்குகளாகத்தான் எல்லாம் ஆரம்பித்தன. நூறு துணுக்குகளைத் தாண்டியபோது அது கதையாகிவிட்டிருந்தது. ஆயிரத்தைத் தாண்டியபோது காவியத்தின் நீளம் வந்துவிட்டது.

இந்த விளையாட்டின் பின்னணி தெரியாமல் ரசிகர்களின் வழக்காடும் பழக்கம் புரியாது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அறச்சார்பு உண்டு. 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அது ஒன்பது கட்டங்களாக விரிந்தது. ஒரு பக்கம் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். இன்னொரு பக்கம் நன்மை, நடுநிலை, தீமை. ஒழுங்கும் நன்மையும் சேர்ந்த கட்டத்தில் நிற்கும் புனித வீரர்களுக்கு ‘பாலடின்’ என்று பெயர். அந்தக் கட்டத்தை விட்டு நழுவினால் தெய்வம் தந்த சக்திகள் பறிபோகும். தீமைக் கட்டத்தில் நிற்பவை பெரும்பாலும் தோற்றத்தாலேயே அடையாளம் காணப்படும் இனங்கள்: காப்ளின், ஓர்க், கறுப்பு டிராகன். அவற்றைக் கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்கும். கொன்றவர் மனசாட்சிக்கு எந்தச் செலவும் இல்லை.

ஆக, இந்தக் காமிக்ஸின் ரசிகர் கையில் படிக்கத் தொடங்கும்போதே ஒரு சட்டப்புத்தகம் இருக்கிறது. வேறெந்தப் புனைவின் வாசகருக்கும் இவ்வளவு துல்லியமான தண்டனைச் சட்டம் வாய்த்ததில்லை. ஒரு பாத்திரம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை மந்திரங்கள் மிச்சம், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு நழுவியிருக்கிறது என்று படங்களிலிருந்து சான்று பொறுக்கிப் பட்டியல் போடுவது இந்த ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பட்டியல்களைப் போடும் பொறுமைதான் பின்னால் வரும் பெரிய வாக்குவாதங்களுக்கும் அடித்தளம்.

குச்சி உருவங்கள் மேல் இத்தனை பற்று எப்படி வருகிறது? ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. முகம் எவ்வளவு எளிமையாகிறதோ அவ்வளவு எளிதாக வாசகர் தன்னை அதற்குள் வைத்துக்கொள்கிறார் என்பது அவர் வாதம். இங்கே அது பாதிதான் பொருந்தும் என்பேன். மீகோவின் முகமும் ராயின் முகமும் ஒரே அச்சில் வார்த்த எளிமை கொண்டவை. ஒன்றில் புகுந்துகொண்ட வாசகர் இன்னொன்றில் ஏன் புகவில்லை? எளிய கோடு வேறு ஒன்றைச் செய்தது என்பது உறுதி. யாரும் அதைப் போலவே வரையலாம் என்ற துணிச்சலைத் தந்தது. தங்கள் சொந்த விளையாட்டுப் பாத்திரங்களை இதே பாணியில் வரைந்துகொண்ட ரசிகர்கள் ஏராளம். தன் கையால் வரைந்த உருவத்தோடு ஒரே குடும்பமாகத் தோன்றும் ஒருவனுக்காக வாதாடுவது இயல்புதான்.

மீகோவின் வழக்குக்கு வருவோம். 2007-ல் வந்த மூன்றாம் தொகுதிக்குள் அவள் கதை முடிந்துவிடுகிறது. அவள் அசூர் நகரத்தின் பாலடின். உழைப்பாளி, நேர்மையானவள், லஞ்சம் வாங்காதவள், சொகுசு தெரியாதவள். நகைச்சுவை மட்டும் அவளுக்கு அறவே கிடையாது. கதாநாயகர் குழுவைக் கைது செய்து இழுத்து வருபவளும் அவளே. வாசகர்கள் அதற்குள் அந்த ஆறு பேரோடும் இருநூறு பக்கம் நடந்து, அவர்கள் நகைச்சுவையை ரசித்துப் பழகியிருந்தார்கள். அந்தக் கூட்டாளிகளின் வேடிக்கையைக் கெடுக்க வந்தவளாகவே மீகோ அறிமுகமாகிறாள். ஷோஜோ மூப்பால் புத்தி தளர்ந்தவராக நடித்தார், அந்த ஆறு பேர் மீதான விசாரணையை ஏமாற்றி நடத்தினார் என்பதை அவள் ஒட்டுக்கேட்கிறாள். அவள் கேட்டது பொய்யல்ல. அதிலிருந்து அவள் போட்ட கணக்குதான் பிசகு. வாள் இறங்கிய அந்த நிமிடமே பன்னிரு தெய்வங்களும் அவள் சக்திகளைப் பறிக்கிறார்கள். நகரம் முற்றுகையில் வீழும் நேரத்தில், இறந்த பாலடின்களின் ஆவிகள் எதிரியைக் கிட்டத்தட்ட வென்றுவிட்ட தருணத்தில், இவள் உள்ளே புகுந்து காக்க வேண்டிய புனித மணியையே உடைக்கிறாள். எதிரி தப்புகிறான். இவள் இறக்கிறாள். கடைசி நேரத்தில்கூடப் பாவமன்னிப்பு கிடைக்கவில்லை. அவளுக்கு மிஞ்சியது தன் தெய்வக் குதிரை தன்னை வந்து பார்க்கும் என்ற ஆறுதல் மட்டும்.

இந்த மரணக் காட்சி வந்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒழிந்தாள் என்றவர்கள் ஒரு பக்கம். இவ்வளவு நாள் இவளை வெறுத்தோமே, இந்த ஆறுதல் வார்த்தையில் தொண்டை அடைக்கிறதே என்றவர்கள் மறுபக்கம். இரண்டாம் கூட்டத்தின் தவிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டப்படி பார்த்தால் மீகோவின் குற்றம் பெல்கரின் குற்றங்களைவிடப் பெரிதல்ல. பெல்கர் வேண்டுமென்றே கொன்றான். அவள் தவறான நம்பிக்கையில் கொன்றாள். அவன் ஒருபோதும் வருந்தவில்லை. அவளும் வருந்தவில்லைதான், தான் சரி என்று கடைசிவரை நம்பினாள். தன் கொலையை நியாயம் என்று சொல்பவரைவிட, கொலை என்று ஒப்புக்கொண்டு சிரிப்பவரை மன்னிப்பது வாசகருக்கு எளிதாக இருக்கிறது. பாசாங்கின் மேல் நமக்குள்ள வெறுப்பு கொடுமையின் மேல் உள்ள வெறுப்பைவிட ஆழமானது போலும். அறத்துக்கு இது நல்ல அளவுகோல் அல்ல.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-ல் எழுதிய கட்டுரையில், வானொலி, தொலைக்காட்சி முகங்களோடு பார்வையாளர் கொள்ளும் ஒருதலை நட்பைப் பற்றிப் பேசினார்கள். அந்த நட்புக்குத் தீனி, தொடர்ந்து சந்திப்பது. வெப்காமிக்கில் சந்திப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். ராய் 2007-ல் போரில் விழுந்து இறந்தான். 2009-ல்தான் உயிர்த்தெழுந்தான். கதாநாயகன் 2 ஆண்டுகளுக்கும் மேல் பிணமாகக் கிடந்தான், வாசகர்கள் வாரம்தோறும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012-ல் பர்லூவின் கையில் கடுமையான காயம்பட்டுத் தொடர் மாதக்கணக்கில் நின்றபோதும் கூட்டம் கலையவில்லை. திரைப்படத்தில் 2 மணி நேரத்தில் மறந்துபோகும் ஒரு கொலையை இங்கே 2 ஆண்டுகள் மென்று கொண்டிருக்கலாம். விவாதம் முற்றுவதற்கு இந்த இடைவெளி பெரிய காரணம்.

அடுத்த வழக்கு வார்சூவியஸுடையது. ஆணா பெண்ணா என்று கதை ஒருபோதும் சொல்லாத பாத்திரம். அதைப் பற்றி நடந்த ஊகங்கள் கணக்கில் அடங்கா. அவரின் இணைக்கும் அதே மறைப்புதான். எனக்கு இந்தப் புதிரில் ஆர்வம் இல்லை, பர்லூவுக்கும் அது நீண்ட நகைச்சுவைதான். அவர் செய்த காரியத்துக்கு வருகிறேன். குழு ஒருமுறை அரிய உலோகம் தேடிப் போன இடத்தில் வார்சூவியஸ் இளம் கறுப்பு டிராகன் ஒன்றைக் கொல்கிறார். விளையாட்டில் தினமும் நடப்பது. வாசகர்களும் அப்படியே கடந்துபோனார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தக் குட்டியின் தாய் வருகிறாள், பழிக்குப் பழியாக வார்சூவியஸின் பிள்ளைகளைத் தேடி. குடும்பத்தைக் காப்பாற்ற அவர் நரகத்தாரிடம் தன் ஆன்மாவை அடகு வைத்துச் சக்தி வாங்குகிறார், தாயைக் கொல்கிறார். அதோடு நிற்கவில்லை. அவளுடைய ரத்த உறவுகள் அத்தனை பேரையும், அந்த உறவுகளின் உறவுகளையும் ஒரே மந்திரத்தில் அழிக்கிறார்.

2009-ல் அந்தப் பக்கம் வந்தபோது கைதட்டியவர்கள் நிறைய. பிள்ளைகளைத் தொட்டவளுக்கு இது வேண்டும் என்றார்கள். இது இனப்படுகொலை அல்லவா என்று கேட்டவர்களுக்கு, கறுப்பு டிராகன்கள் எல்லாமே தீமைக் கட்டத்தில் நிற்பவை என்று விதிப்புத்தகம் எடுத்துக் காட்டப்பட்டது. பர்லூ அந்த வாதத்துக்கு மறுமொழி சொல்ல ஏறத்தாழ 3 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். சாகசக் குழு ஒரு பாலைவனப் பிரமிடுக்குள் போகிறது. அங்கே காவல் காக்க வேண்டிய டிரேக்டூத் குடும்பம் முழுவதும் காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கிறது. குழந்தைகளும் உண்டு. அவர்கள் ரத்தத்தில் டிராகன் ரத்தம் கலந்திருந்தது. வார்சூவியஸுக்கு உண்மை உறைக்கும் அந்த நொடியில், 2009-ல் கைதட்டிய வாசகருக்கும் உறைத்திருக்க வேண்டும். ‘பச்சைத்தோல்’, ‘கறுப்புச் செதில்’ என்று கட்டம் கட்டிய விதிப்புத்தகம் அங்கே அவரைக் காப்பாற்ற வரவில்லை. ஒரு தொடர்கதை தன் வாசகரை இவ்வளவு பொறுமையாகப் பொறியில் வீழ்த்திய உதாரணம் வேறு எனக்குத் தெரியவில்லை.

எலானின் தந்தை டார்க்வின் கதையிலும் இதே தந்திரம் உண்டு, இன்னும் குறும்பாக. டார்க்வின் கதைகளின் இலக்கணம் அறிந்த சர்வாதிகாரி. வில்லனாக வாழ்ந்து, ஒருநாள் மகனிடம் தோற்று, புகழோடு சாவதே தனக்கான பாத்திரம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவன். பேச்சு இனிக்கும். ரசிகர்கள் மயங்கினார்கள். மகனை வரவேற்க அவன் அடிமைகளை உயிரோடு எரித்து, அந்தத் தீயால் மகன் பெயரை மலையளவு எழுதிக் காட்டியபோதுகூட மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. பிறகு அவன் நாயகன் ராய் அல்ல, எலான்தான் என்று அடம்பிடிக்கிறான். ராயைக் கொன்றாவது கதையைத் தான் நினைத்த வழிக்குத் திருப்பப் பார்க்கிறான். எலான் அவனுக்குப் பெரிய போரும் தரவில்லை, வீரமரணமும் தரவில்லை. பறக்கும் கப்பலிலிருந்து விழவிட்டுப் போய்விடுகிறான். இப்படியா முடிப்பது என்று அவன் கீழேயிருந்து கத்துகிறான். அந்தக் கத்தல் எங்கோ கேட்டது போல இல்லையா? தொடர்கதை எழுதும் ஒவ்வொருவருக்கும் ரசிகர்களிடமிருந்து வருவதுதான். டார்க்வினைக் கோரிக்கை வைக்கும் ரசிகனின் சித்திரமாகவே நான் படிக்கிறேன்.

பெல்கரை மட்டும் விட்டுவிட்டாரா பர்லூ? இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பெல்கர் தன் கடைசி மூச்சை விடுவான் என்று 2008-ல் ஒரு குறிசொல்லி ராயிடம் சொல்கிறான். கதைக்குள் அந்த ஓராண்டு 15 ஆண்டுகள் கடந்தும் முடியவில்லை. சாவு நிச்சயம் என்றானதும் ரசிகர்கள் வழக்கறிஞர்களாகிவிட்டார்கள். மூச்சு விடமாட்டான் என்றுதானே சொன்னான், சாவான் என்று சொல்லவில்லையே? மூச்சே தேவைப்படாத காட்டேரியாக மாறலாமே? இந்த வாதத்தில் தெரிவது குறியின் நுணுக்கம் மட்டுமல்ல, அவனை இழக்க மனமில்லாத தவிப்பும்தான். இதற்கிடையில் பெல்கர் மாறத் தொடங்கினான். முதலில் மாறியதாக நடித்தான், பிறகு நடிப்பு பழக்கமாயிற்று. ஒரு பூனையின் மேல் வந்த பாசம் மனிதர்கள் மேலும் பரவியது. மலாக் என்ற ரத்தக்காட்டேரியிடமிருந்து அவனைக் காப்பாற்ற வந்த டர்கன் தானே கொல்லப்பட்டுக் காட்டேரியாக எழுந்தபோது, குழுவில் எல்லோரும் அவனைப் பழைய டர்கனாகவே ஏற்றுக்கொண்டார்கள். இவன் டர்கன் அல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னது பெல்கர் ஒருவன்தான். ரசிகர்களில் பலரும் குழுவின் பக்கமே நின்றார்கள். உடலுக்குள் குடியேறியது வேறோர் ஆவி, உண்மையான டர்கன் உள்ளே சிறைப்பட்டிருக்கிறான் என்று 2014-ல் வெளிப்பட்டது. அயோக்கியனின் சொல்லை யாரும் நம்பவில்லை, அந்த ஒருமுறை அவன் சொன்னதே உண்மை. அவனை விரும்பியவர்களும் அவனை நம்பவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

எல்லாவற்றிலும் கனமான வழக்கு ரெட்குளோக் என்ற காப்ளின் பூசாரியுடையது. மூலக்கதையில் அவன் வில்லனின் கையாள். எலும்புக்கூடு மந்திரவாதி சைகானுக்குப் பக்கத்தில் சலித்துக்கொண்டு நிற்பவன். 2007-ல் ‘ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்ற முன்கதை அச்சில் மட்டும் வந்தது. அதன் தொடக்கத்திலேயே பாலடின்கள் ஒரு காப்ளின் ஊருக்குள் புகுந்து கொல்கிறார்கள். சிறுவனாக இருந்த ரெட்குளோக்கின் தாயும் குட்டித் தங்கையும் அதில் சாகிறார்கள். கொன்றவர்கள் யாரும் மீகோவைப் போலச் சக்தியை இழந்ததாகக் கதை காட்டுவதில்லை. அவன் இறந்த தலைமைப் பூசாரியின் சிவப்பு மேலங்கியை அணிந்து, தன் இனத்தின் தெய்வம் வகுத்த திட்டத்துக்கு வாழ்நாளை ஒப்புக்கொடுக்கிறான். அந்தத் திட்டத்துக்காகக் கடைசியில் தன் சொந்தத் தம்பியையே கொல்கிறான். தம்பி சொன்னது நியாயம் என்று அவனுக்குத் தெரியும். ஒப்புக்கொண்டால் அதுவரை செத்த எல்லோரும் வீணாகச் செத்ததாகிவிடும் என்பதால் கொன்றான்.

இங்கே ரசிகர் கூட்டம் விசித்திரமாகப் பிளந்தது. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களுக்கு ரெட்குளோக் துயர நாயகன். படிக்காதவர்களுக்கு அவன் ஒரு கொடியவன், சிறைபட்ட ஓ-சூல் என்ற நல்ல பாலடினைச் சித்திரவதை செய்தவன். இரு தரப்பும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு ஆட்களைப் பற்றி வாதாடினார்கள். படித்தவர்கள் பக்கத்திலும் சிக்கல் வந்தது. அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி அவன் செய்ததற்கெல்லாம் கணக்கு நேர் செய்யுமா? தன் இனத்துக்கு நெருக்கமான ஹாப்காப்ளின் படைவீரர்களையே அவன் போரில் தீவனமாக எறிந்தான். அவர்களில் ஒருவன் தன் உயிரைக் கொடுத்து அவனைக் காத்த பிறகே அவனுக்கு வெட்கம் வந்தது. 2020 வாக்கில், அதற்குள் காட்டேரி நிலையிலிருந்து மீண்டிருந்த டர்கன் நேரில் வந்து சமாதானப் பேச்சு நடத்தினான். காப்ளின்களுக்கு உண்மையாகவே பலன் தரக்கூடிய வாய்ப்பு அது. ரெட்குளோக் ஏற்கவில்லை, தாக்கினான். அன்றுவரை அவனுக்காக வாதாடிய பலர் அன்று மௌனமானார்கள். வேறு சிலரோ, கொன்றவர்களின் கூட்டத்திலிருந்து வந்த சொல்லை அவன் எப்படி நம்புவான் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி லேசானதல்ல.

தோலின் நிறத்தாலும் பல்லின் நீளத்தாலும் ஓர் உயிரைக் கொல்லத் தக்கதாக்கும் வழக்கத்தை எதிர்ப்பது தன் கதையின் மையம் என்று பர்லூ வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஓர்க் போன்ற இனங்களைப் பிறவியிலேயே தீயவையாகச் சித்திரிப்பதை மாற்றுவோம் என்று அறிவித்தது 2020 ஜூனில். முன்கதை அச்சேறி 13 ஆண்டுகள் கழித்து. அறிவிப்புக்குக் காரணம் இந்தக் காமிக்ஸ் என்று சொல்ல மாட்டேன், அமெரிக்காவில் அப்போது வீசிய காற்று வேறு. ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்டு அதிர்ந்த ஆட்டக்காரர்களுக்கு நடுவில், இந்த விவாதத்தை ஏற்கெனவே பத்தாண்டுக்கும் மேல் நடத்திக் களைத்திருந்த ஒரு கூட்டமும் இருந்தது.

இந்தக் கூட்டத்தின் அளவு 2012-ல் உலகுக்குத் தெரிந்தது. அச்சில் இல்லாமல் போன ‘வார் அண்ட் எக்ஸ்பீஸ்’ தொகுதியை மறுபதிப்புச் செய்ய பர்லூ கிக்ஸ்டார்ட்டர் வழியாக 57,750 டாலர் கேட்டார். ஒரு மாதத்தில் 14,952 பேர் 12,54,120 டாலர் தந்தார்கள். எல்லாப் பக்கங்களும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் கதைக்கு இது. பணத்தோடு விருப்பமும் வந்தது. பெருந்தொகை தந்தவரின் சொந்தப் பாத்திரம் கதையின் ஓரத்தில் தலைகாட்டும் என்ற சலுகை இருந்தது. பரிசாக எழுதப்பட்ட கதைகளில் ஒன்று ஓ-சூலின் முகத்தழும்பு வந்த வரலாறு. பின்னாளில் அது 2018-ல் ‘குட் டீட்ஸ் கான் அன்பனிஷ்ட்’ தொகுதியில் சேர்ந்தது. ஓ-சூல் மீகோவின் அதே படையைச் சேர்ந்தவர், அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். தன்னைச் சிறைவைத்த கூட்டத்தின் ராட்சதனுக்கே விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து நண்பனாக்கிக்கொண்டவர். ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனவே அவர்கள் மீகோவை வெறுத்தது பாலடின் என்பதால் அல்ல. ஒழுக்கம் அவர்களுக்குக் கசக்கவில்லை, மனிதரைப் பார்க்க மறுக்கும் ஒழுக்கம்தான் கசந்தது. அவர்கள் பக்கம் பேச இது ஒன்று இருக்கிறது.

ஆனாலும் பெல்கர் கொன்ற அந்தக் காவலனின் பெயரை எந்த ரசிகரும் வழக்கில் இழுத்துப் பேசுவதில்லை. ஒன்பது கட்டங்களில் எதிலும் அவனுக்கு இடம் போடப்படவில்லை. இது பர்லூவின் குறையல்ல, வாசகர்களின் குறை.

புதிதாகப் படிக்க வருபவருக்கு ஒரு யோசனை. ஆயிரத்து முந்நூறு பக்கங்களும் ஒரே மூச்சில் கிடைக்கும் இன்றைய நிலையில், பழைய ரசிகர்களுக்கு இருந்த இடைவெளி உங்களுக்கு இருக்காது. ஓவியம் எளிது, முதல் நூறு பக்கங்களின் நகைச்சுவையும் விளையாட்டு தெரியாதவர்களுக்குப் பாதிதான் எட்டும். அதை வேகமாகக் கடந்துவிடலாம். அசூர் நகரம் விழுந்ததும் நிறுத்துங்கள். ‘ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்’ முன்கதையை அப்போது படியுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். மீகோவைப் பற்றியும் ரெட்குளோக்கைப் பற்றியும் உங்கள் தீர்ப்பை அதற்கு முன்னே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.